பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

(கல்லூரி மாணவர் – பெற்றோர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டங்களில் வழக்கமாக எந்தப் படிப்பில் சேரலாம், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றுதான் பேசுவோம். இன்று, சேர்ந்த பிறகு நடக்கிற ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்ததோடு நம் கவலை பாதி தீர்ந்தது என்று நினைக்கிறோம். பிள்ளையின் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நம் வீடுகளில் பல பிள்ளைகள் குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வகுப்பில் சொல்வது அவர்களுக்குப் புரிகிறது. மனப்பாடம் செய்து தேர்வு எழுதவும் தெரிகிறது. ஆனால், "இந்தத் தலைப்பில் உன் கருத்தை ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டால் கை நின்றுவிடுகிறது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். நண்பனிடம் கேட்டால் அவனுக்கும் அதே நிலைதான். கடைசியில் கால் போவது, 'ப்ராஜெக்ட் செய்து தரப்படும்' என்று போர்டு தொங்குகிற கடைக்கு. இப்போது அதுவரைகூட நடக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் நாலு வரி தட்டினால் ஏஐ முழுக் கட்டுரையையும் கொட்டிவிடுகிறது.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே பல பாடங்களில் ஆண்டு முழுவதும் எழுதித் தருகிற கட்டுரைகளுக்குத்தான் பெரும்பகுதி மதிப்பெண். கடனை வாங்கி, நகையை விற்று அனுப்பிவைத்த பிள்ளை, முதல் பருவத்திலேயே கட்டுரை எழுதத் தெரியாமல் தடுமாறுகிறது. "எப்படிப் படிக்கிறாய்?" என்று நாம் வீடியோ காலில் கேட்டால், "நல்லாப் படிக்கிறேன் வாப்பா" என்கிறது. நம்மைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அது நினைக்கிறது. நாமும் அதை நம்பிப் போனை வைக்கிறோம்.

இந்தத் தடுமாற்றத்துக்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளிலும், வேறு பல நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் 'ரைட்டிங் சென்டர்' என்று ஓரிடம் உண்டு. நாம் அதை எழுத்து உதவி மையம் என்று சொல்லிக்கொள்வோம். பொதுவாக இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நீங்கள் கட்டிய கட்டணத்திலேயே அதுவும் அடக்கம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அங்கே போகத் தயங்குகிறார்கள். "அது படிப்பு வராதவர்கள் போகிற இடம்" என்று நினைப்பது ஒரு காரணம். அங்கே என்ன நடக்கும் என்று தெரியாதது இன்னொரு காரணம். இரண்டையும் இன்று நாம் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

இது யாருக்காக வந்தது?

கல்லூரியில் எழுத்துக்கென்று தனிக் கூடம் வைக்கும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1934-லேயே அப்படியொன்று இருந்தது. ஆனால் அது பரவலாக வேர்விட்டது 1970-களில். அந்தக் கதை நமக்கு நெருக்கமானது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல் ஒரு பெரிய முடிவை நடைமுறைப்படுத்தியது. நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறி வந்த மாணவர் எவராக இருந்தாலும், அதன் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு என்று கதவைத் திறந்தது. கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரீக்கோ வழிவந்த மாணவர்களும் நடத்திய போராட்டம் அந்த முடிவை விரைவுபடுத்தியது. அதுவரை கல்லூரியைப் பார்த்திராத குடும்பங்களின் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் எழுதிய முதல் கட்டுரைகளைப் பார்த்த பேராசிரியர்கள் பலர், "இவர்களுக்குக் கல்லூரிப் படிப்பு எப்படி வரும்?" என்று கைவிரித்தார்கள்.

அங்கே சிட்டி காலேஜில் மைனா ஷானசி என்ற ஆசிரியை இருந்தார். அவர் கைவிரிக்கவில்லை. அந்த மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4000 கட்டுரைகளை எடுத்து வைத்து, பிழைகளை வகைப்படுத்திப் பார்த்தார். 1977-ல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர் கண்ட உண்மை இதுதான்: பிழைகள் தற்செயலாக வருவதில்லை, அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மாணவர் ஏதோ ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படி எழுதுகிறார்; அந்த விதிதான் இடம் மாறியிருக்கிறது. அவர் எழுதப் பழகாதவர், அவ்வளவுதான். அறிவில்லாதவர் அல்ல.

இதை நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அங்கே 'அபௌட்' வராது. ஏன் போடுகிறார்கள்? தமிழில் நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம். அந்தப் 'பற்றி'தான் ஆங்கிலத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. இரண்டு மொழி தெரிந்த மூளை செய்கிற வேலை இது. காரணத்தை ஒரு தடவை காட்டிவிட்டால், அடுத்த தடவை பிள்ளையே பிடித்துக்கொள்ளும்.

அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ளின் காலேஜில் கென்னத் ப்ரஃபி என்ற பேராசிரியர் இன்னொன்றைக் கவனித்தார். உதவி தேவைப்படுகிற மாணவர்கள், கல்லூரி ஏற்பாடு செய்த உதவியைத் தேடி வருவதில்லை. அங்கேயும் வகுப்பறை வாடைதானே அடிக்கிறது! ஆனால் சக மாணவர் ஒருவர் உட்கார்ந்து உதவினால் வருகிறார்கள். எனவே மாணவர்களையே பழக்கி, மாணவர்களுக்கு உதவ வைத்தார்கள். இன்றும் பல எழுத்து உதவி மையங்களில் எதிரே உட்காருகிறவர் பேராசிரியராக இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற இன்னொரு மாணவராகவே இருப்பார்.

ஆக, இது மக்குப் பிள்ளைகளை ஒதுக்கி வைக்க வந்த இடமல்ல. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் வந்தவர்கள் பின்தங்கிவிடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட இடம். இன்று அங்கே முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவர்களும் வருகிறார்கள், நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் வருகிறார்கள். எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது எல்லோருக்கும் வேண்டியதே.

எது செய்வார்கள், எது செய்யமாட்டார்கள்

1984-ல் ஸ்டீஃபன் நார்த் என்ற பேராசிரியர் இந்த மையங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். அதன் சாரத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: எழுத்து நன்றாவது இரண்டாம்பட்சம், எழுதுகிறவர் நன்றாவதே அங்கே முதல் வேலை.

இதைப் புரிந்துகொள்ளாமல் போகிற பிள்ளைகள் ஏமாந்து திரும்புகிறார்கள். "என் கட்டுரையைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் அங்கே நடக்காது. அது டெய்லர் கடை அல்ல. கட்டுரையை எழுதித் தரமாட்டார்கள். ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் திருத்தியும் தரமாட்டார்கள். எவ்வளவு மதிப்பெண் வரும் என்று சொல்லமாட்டார்கள். மதிப்பெண் போடுவது ஆசிரியர் வேலை.

அப்படியானால் என்னதான் செய்வார்கள்? நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதப் பழகுவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஓதும், உஸ்தாத் கேட்பார். பிழை வருகிற இடத்தில் நிறுத்துவார். பிள்ளை தானே திருத்தி ஓதும்வரை காத்திருப்பார். பிள்ளைக்குப் பதிலாக உஸ்தாதே ஓதிக்கொண்டு போனால், பிள்ளைக்கு என்றைக்கு ஓத வரும்? எழுத்து உதவி மையத்திலும் இதே முறைதான். எழுதுவது பிள்ளை. கேட்பதும் நிறுத்துவதும் கேள்வி போடுவதும் எதிரே இருப்பவர். பேனா கடைசிவரை பிள்ளையின் கையிலேயே இருக்கும்.

ஓர் அமர்வு எப்படி நடக்கும்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நம் நெல்லைச் சீமையிலிருந்து போன ஒரு மாணவி. "உங்கள் ஊர்க் கைத்தொழில் ஒன்று இன்று சந்திக்கிற சிக்கலைப் பற்றி எழுதுக" என்பது அவளுக்குக் கொடுத்த வேலை. அவள் பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்கிறாள். எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பத்தமடைப் பாய் உலகப் புகழ் பெற்றது. பழங்காலம் தொட்டு மக்கள் இதை நெய்து வருகிறார்கள். இது நம் பண்பாட்டின் அடையாளம். இன்று இத்தொழில் நலிந்து வருகிறது. அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்."

தப்பே இல்லாத வாக்கியங்கள். ஆனால் பாய்க்குப் பதிலாக எந்தத் தொழிலின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும்.

எதிரே இருப்பவர் முதலில் இலக்கணத்தைத் தொடமாட்டார். கொடுத்த வேலை என்ன என்பதைப் படித்துக் காட்டச் சொல்வார். பிறகு கட்டுரையை வாய்விட்டு வாசிப்பார், அல்லது அவளையே வாசிக்கச் சொல்வார். வாய்விட்டு வாசிக்கும்போது எங்கே இடறுகிறது என்று எழுதியவர் காதுக்கே தெரியும். அதன்பின் கேள்விகள் வரும். "இந்தப் பாயை நான் பார்த்ததில்லை. எதில் செய்கிறார்கள்? யார் நெய்கிறார்கள்?"

அவள் சொல்லத் தொடங்குகிறாள். தாமிரபரணிக் கரையில் வளர்கிற கோரை. அதை அறுத்துக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு கட்டி நெய்வார்கள். நயம் பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள். நயம் பாய் ஒன்று முடிய நாள் கணக்காகும், சில சமயம் வாரக் கணக்காகும். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிறது. உம்மா நெய்ததைப் பார்த்து வளர்ந்த மகள் தறியில் உட்கார விரும்புவதில்லை. அந்த மகளைக் குறை சொல்லவும் முடியாது.

எதிரே இருப்பவர் கேட்கிறார்: "நீங்கள் இப்போது சொன்னது எதுவுமே இந்தத் தாளில் இல்லையே, ஏன்?"

நம் பிள்ளைகள் பலருடைய நிலை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. தெரிந்தது தங்களிடம் இருக்கிறது. ஆனால் அது கட்டுரையில் வரத் தகுந்தது அல்ல என்று நினைத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கட்டுரை என்றால் பெரிய பெரிய வார்த்தையும், எல்லோரும் சொல்கிற பொதுப் பேச்சும்தான் என்று நம்பிவிடுகிறார்கள். எதிரே இருப்பவருக்குக் கோரை என்றால் என்னவென்று தெரியாதது இங்கே ஒரு வசதி. தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் நமக்கு என்ன தெரியும் என்று நமக்கே தெரிகிறது.

அமர்வின் மிச்ச நேரத்தில் அவள் தன் கட்டுரையின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கிறாள். "பாயின் புகழ் வளர்ந்தாலும், ஒரு பாய்க்குப் போகிற நாட்களுக்கு ஏற்ற கூலி நெய்கிற பெண்ணுக்குக் கிடைக்காதவரை, அடுத்த தலைமுறை தறிக்கு வராது." இப்போது அவள் கையில் ஒரு வாதம் இருக்கிறது. அதை நிறுவக் கூலி விவரம் வேண்டும், விலை விவரம் வேண்டும், நெய்கிற யாரிடமாவது பேச வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடுகிறது. அடுத்து எங்கே தேடுவது என்ற கேள்வியோடு நூலகத்துக்குப் போகலாம்.

இலக்கணம்? அது இரண்டாவது வருகையில். அப்போதும் எல்லாப் பிழையையும் எடுக்கமாட்டார்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற ஒன்றிரண்டு பிழைகளைப் பிடிப்பார்கள். ஆங்கிலத்தில் 'ஏ', 'தி' எங்கே போடுவது என்பது நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை. தமிழில் அப்படிக் கட்டாயமாகப் போடுகிற சொல் கிடையாது. இரண்டு இடத்தில் காட்டுவார்கள். மூன்றாவது இடத்தை நீங்களே கண்டுபிடியுங்கள் என்பார்கள். 'முதலில் ஒரு பாய், அடுத்த வரியில் அந்தப் பாய்' என்று தமிழில் நினைத்துப் பார்த்தால் பாதி இடங்களில் வழி கிடைக்கும்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொதுவாக முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஓர் அமர்வு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். பருவம் முடிகிற நேரத்தில் எல்லோரும் முண்டியடிப்பார்கள், இடம் கிடைக்காது. எனவே கட்டுரை கொடுத்த வாரத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். நாளைக் காலை சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையை இன்றிரவு எடுத்துக்கொண்டு ஓடினால், எவ்வளவு நல்ல உதவியும் பயன்படாது.

முழுதாக எழுதி முடித்திருக்க வேண்டியதில்லை. பாதிக் கட்டுரையோடு போகலாம். ஒரு வரிகூட எழுதாமல், "என்ன எழுதுவதென்றே தெரியவில்லை" என்றும் போகலாம். கையில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: ஆசிரியர் கொடுத்த கேள்வித்தாள், இதுவரை எழுதியது, எதில் உதவி வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு. "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்வதைவிட, "இரண்டாம் பக்கத்தில் என் வாதம் புரிகிறதா?" என்று கேட்டால் கிடைக்கிற உதவி பத்து மடங்கு.

அங்கே எதிரே இருப்பவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். "சார்", "மேடம்" தேவையில்லை. நமக்கு அது கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த ஊர் வழக்கத்தில் அது மரியாதைக் குறைவு அல்ல. "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று சொல்வதும் மரியாதைக் குறைவு அல்ல. புரியாமலே தலையாட்டிவிட்டு வருவதில்தான் நஷ்டம்.

மகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கு ஒன்று. பெரும்பாலான மையங்கள் பலர் உட்கார்ந்து வேலை செய்கிற திறந்த கூடங்கள். பல இடங்களில் முன்பதிவின்போதே யாரிடம் உட்கார விருப்பம் என்று தேர்ந்தெடுக்கலாம். பெண் உதவியாளரைத் தேர்ந்துகொள்ளலாம். அறையிலிருந்தபடியே ஆன்லைனில் பேசும் வசதியும் பல இடங்களில் உண்டு. எனவே, 'யாரோ எவரோ' என்று அஞ்சி, மகள் தனியே தவிக்கும்படி விட வேண்டாம்.

ஒரே தடவை போய் நின்றுவிடவும் கூடாது. ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று தடவை போகலாம். அதே ஆளிடம் போனால் உங்கள் எழுத்தின் போக்கு அவருக்கும் பழகும். உங்கள் முன்னேற்றம் உங்களுக்கே கண்ணில் படும்.

உள்ளூரில் படிக்கிறவர்களுக்கு

"இதெல்லாம் அமெரிக்காவில், நாங்கள் பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் படிக்கிறோம்" என்று சில பிள்ளைகள் நினைப்பது தெரிகிறது. நம் நாட்டிலும் சில பல்கலைக்கழகங்கள் இப்படி மையம் வைத்திருக்கின்றன. ஹரியானாவில் சோனிபத்தில் இருக்கிற அசோகா பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் தனி மையம் கிடையாது. ஆனால் தேவை இங்கேயும் அதேதான். முறையும் இங்கே செல்லும்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் எழுதியதை எடுத்துத் தன் எழுத்தாகக் கொடுப்பதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதிமுறைகள் வெளியிட்டது. ஆய்வேடு பிற நூல்களோடும் கட்டுரைகளோடும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை வைத்துத் தண்டனை. 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 சதவீதம் வரை என்றால், குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதத்துக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. கடைக்காரர் பத்து பேருக்கு ஒரே ப்ராஜெக்ட்டைப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டத்தை இழப்பது நம் பிள்ளை.

ஏஐ விஷயத்திலும் தெளிவாக இருப்போம். அதைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. புரியாத ஒரு வாக்கியத்தை விளக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அனுமதிக்கிற ஆசிரியர்கள் உண்டு. எதற்குமே கூடாது என்கிற ஆசிரியர்களும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் விதி என்ன என்று அந்த ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். விதி எதுவானாலும் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த உதவிக்குப் பிறகு எனக்கு எழுத வருகிறதா, அல்லது இந்த உதவி இல்லாமல் எழுதவே வராமல் போகிறதா? வாய்மொழித் தேர்வில் "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்கும்போது கடைக்காரரும் உடன் வரமாட்டார், கைப்பேசியும் உடன் வராது. வேலைக்குப் போன பின் அவசரமாக ஓர் அறிக்கை எழுதச் சொன்னாலும் அதே கதைதான். பிறர் உழைப்பைத் தன் பெயரில் கொடுப்பது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. இந்த அவையில் அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைக்கிற நல்ல உதவி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1976-ல் தன் மாணவர்களுக்காக ஓர் எழுத்துக்கூடம் தொடங்கியது. பின்னர் 1990-களில் அதன் பாடங்களை இணையத்திலும் போட்டது. 'பர்டியூ ஔல்' என்று தேடினால் கிடைக்கும். உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். கட்டுரையை எப்படித் திட்டமிடுவது, பத்தியை எப்படி அமைப்பது, பிறர் கருத்தை எடுத்தால் எப்படிச் சொல்லி எடுப்பது, வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது தன்னைப் பற்றி எப்படி எழுதுவது எனப் பல பாடங்கள் அங்கே இருக்கின்றன. அந்த விண்ணப்பக் கடிதத்தை ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள், முதலில் அந்தப் பக்கத்தை ஒரு மணி நேரம் படித்துப் பாருங்கள். உங்களைப் பற்றி உங்களைவிட நன்றாக எழுத ஏஜெண்டால் முடியாது.

நாம் செய்யக்கூடியது

படிப்பது மட்டும் போதாது. எதிரே உட்கார ஓர் ஆளும் வேண்டும். அதற்கு ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறோம். நம் அறக்கட்டளையின் நூலக அறை ஞாயிறு மாலைகளில் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டால் ஓர் எழுத்து உதவி மையம் ஆயிற்று. பெரிய செலவு எதுவும் இல்லை. முதுகலை படிக்கிற, படித்து முடித்த நம் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அலுவலகத்தில் எழுதிப் பழகிய சகோதர சகோதரிகள் மாதத்தில் இரண்டு மணி நேரம் தந்தால் போதும். பெண்களுக்குத் தனி நேரம் வைக்கலாம்.

உதவ வருகிறவர்களுக்கு மூன்றே விதி. பேனாவை உங்கள் கையில் எடுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் பிழை தேடாமல், பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று கேளுங்கள். ஒரு தடவையில் இரண்டு விஷயத்துக்கு மேல் திருத்தாதீர்கள். ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால் தமிழில் சொல்லட்டும். கருத்து முதலில் தெளிவாகட்டும்; மொழி பின்னால் வரும்.

வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு விதி உண்டு. எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த மேசையில் அது கிடைக்காது.

கடைசியாகப் பெற்றோருக்கு. "எங்களுக்கு எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாது, நாங்கள் என்ன உதவ முடியும்?" என்று நினைக்காதீர்கள். உதவி மையத்தில் எதிரே இருப்பவர் செய்கிற முக்கியமான வேலை கேட்பது. அதை ஓர் உம்மாவால் செய்ய முடியும், வாப்பாவால் செய்ய முடியும். இனிமேல் பிள்ளையிடம் "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். "எதைப் பற்றி எழுதுகிறாய்?" "அதில் நீ என்ன சொல்கிறாய்?" "அதை எப்படி நம்புவது?" தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை பதில் சொல்லிவிட்டால், அதன் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. புரியாவிட்டால் "எனக்குப் புரியவில்லையே" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதுவே பிள்ளைக்கு நீங்கள் செய்கிற உதவி.

தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "உன் கல்லூரியில் எழுத்து உதவி மையம் இருக்கிறதாமே, போனாயா?" அந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தால், அங்கே போவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பல பிள்ளைகள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஞாயிறு மாலை மேசைக்கு நேரம் தர விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். நாலு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.